விற்காத தட்டுகள், நிலைத்த பாட்டு: பிக் ஸ்டார் பற்றிய விவாதங்கள் – ஒரு மீள்பார்வை

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்து மெம்பிஸ் நகரில் 1971இல் உருவான பிக் ஸ்டார் குழு, தான் முதலில் இயங்கிய காலத்தில் இரண்டே இரண்டு ஆல்பங்களை வெளியிட்டது. 1972இல் 'நம்பர் ஒன் ரெக்கார்ட்', 1974இல் 'ரேடியோ சிட்டி'. மூன்றாவதாகப் பதிவு செய்த பாடல்கள் சில ஆண்டுகள் முடங்கிக் கிடந்து, குழு கலைந்த பிறகு 1978இல்தான் வெளியே வந்தன. முதல் ஆல்பம் பத்தாயிரம் பிரதிகூட விற்கவில்லை, இரண்டாவது இருபதாயிரத்தை ஒட்டி நின்றுவிட்டது என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. ஆனால் 2003இல் ரோலிங் ஸ்டோன் இதழ் வெளியிட்ட 500 சிறந்த ஆல்பங்களின் பட்டியலில் இந்த மூன்றுமே இடம்பிடித்தன.

இந்த முரண்பாட்டை விளக்க முயன்ற எழுத்து நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகக் குவிந்திருக்கிறது. வாழ்க்கை வரலாறுகள், ஆல்பங்களோடு வரும் விரிவான குறிப்புகள், 2012இல் வந்த ஆவணப்படம், இசையமைப்பாளர்களின் நேர்காணல்கள் என்று பல வடிவங்களில் விடைகள் சொல்லப்பட்டிருக்கின்றன. அவற்றைத் தொகுத்துப் பார்த்தால் ஒரு பழக்கம் தென்படும். குழு ஏன் விற்கவில்லை என்பது ஒரு கேள்வி. அதன் இசை ஏன் மறையவில்லை என்பது வேறொரு கேள்வி. பெரும்பாலான விடைகள் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகின்றன. விற்காததே தரத்துக்குச் சான்று என்றோ, தரம் மிகுந்ததால்தான் விற்கவில்லை என்றோ சொல்லிவிடுகின்றன. இரண்டையும் பிரித்து, ஒவ்வொரு விடையும் எதை விளக்குகிறது, எங்கே சறுக்குகிறது என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மெம்பிஸும் ஆர்டென்ட் ஸ்டுடியோவும்

மெம்பிஸ் என்றதும் நினைவுக்கு வருவது புளூஸும் சோலும்தான். எல்விஸ் பிரெஸ்லி முதலில் பாடிப் பதிவு செய்த சன் ஸ்டுடியோவும், ஓடிஸ் ரெட்டிங்கை உலகுக்குத் தந்த ஸ்டாக்ஸ் நிறுவனமும் அங்கேதான் இருந்தன. இந்த நகரத்தில் பீட்டில்ஸ், கிங்ஸ், பேர்ட்ஸ் குழுக்களின் இசையில் ஊறிய ஒரு சிறு வட்டம் ஆர்டென்ட் ஸ்டுடியோவைச் சுற்றி உருவானது. அதை நிறுவிய ஜான் ஃபிரை ஒலிப்பதிவில் கைதேர்ந்தவர். ஸ்டாக்ஸின் பதிவு வேலைகள் அங்கேயும் நடந்தன. லெட் ஸெப்பெலின் குழுவின் மூன்றாம் ஆல்பத்துக்கான ஒலிக்கலவை 1970இல் நடந்ததும் அங்கேதான். பகலில் பெரிய நிறுவனங்களின் வேலை. இரவில் ஸ்டுடியோ காலியாக இருக்கும்போது, தான் தொழில் கற்றுக்கொடுத்த உள்ளூர் இளைஞர்களைப் பதிவு செய்துபார்க்க ஃபிரை அனுமதித்தார்.

அந்த இளைஞர்களில் முக்கியமானவர் கிடார் கலைஞரும் பாடகருமான கிறிஸ் பெல். பேஸ் கிடார் வாசித்த ஆண்டி ஹம்மல், டிரம்ஸ் வாசித்த ஜோடி ஸ்டீஃபன்ஸ் இருவரும் அவரோடு இருந்தார்கள். நான்காவதாக வந்து சேர்ந்த அலெக்ஸ் சில்டன் அப்போதே தேசம் அறிந்த குரலுக்குச் சொந்தக்காரர். 1967இல், பதினாறு வயதில், பாக்ஸ் டாப்ஸ் குழுவுக்காக அவர் பாடிய 'தி லெட்டர்' அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்திருந்தது. குழுவின் பெயர் ஸ்டுடியோவுக்கு அருகிலிருந்த ஒரு மளிகைக் கடைச் சங்கிலியின் பெயரிலிருந்து எடுக்கப்பட்டது.

பின்னால் வரும் விவாதங்களுக்கு இந்தப் பின்னணி முக்கியம். ஊர் ஊராக மேடையேறிப் பழுத்த குழு அல்ல பிக் ஸ்டார். அது ஒலிப்பதிவுக் கூடத்தில் பிறந்தது. அதன் பலமும் பலவீனமும் அங்கிருந்தே தொடங்குகின்றன.

முதல் விடை: கடைக்கு வந்து சேராத தட்டுகள்

குழு விற்காததற்கு அதிகம் சொல்லப்படும் காரணம் விநியோகம். ஆர்டென்ட்டின் வெளியீடுகளை ஸ்டாக்ஸ் விநியோகித்தது. 1972இன் பிற்பகுதியில் ஸ்டாக்ஸ் தன் விநியோகத்தை கொலம்பியா ரெக்கார்ட்ஸிடம் ஒப்படைத்தது. அந்த ஒப்பந்தத்தைக் கொண்டுவந்த கிளைவ் டேவிஸ் 1973 மே மாதம் கொலம்பியாவிலிருந்து நீக்கப்பட்டார். அதன்பின் இரு நிறுவனங்களுக்கும் இடையே உறவு கெட்டது; 1975 டிசம்பரில் ஸ்டாக்ஸ் திவாலானது. பத்திரிகைகள் பாராட்டி எழுதின, வானொலியில் சில இடங்களில் பாட்டு ஒலித்தது, ஆனால் கேட்டவர் கடைக்குப் போனால் தட்டு இல்லை என்பதே குழுவினரும் ஆர்டென்ட் வட்டாரமும் திரும்பத் திரும்பச் சொன்ன செய்தி. பிற்கால வரலாறுகள் பெரும்பாலும் இதையே அடிப்படையாக எடுத்துக்கொள்கின்றன.

இந்த விடைக்குப் பலம் உண்டு. பெயர்களும் தேதிகளும் பொருந்துகின்றன. 'ரேடியோ சிட்டி' 1974 தொடக்கத்தில் வெளிவந்தபோது ஸ்டாக்ஸும் கொலம்பியாவும் மோதிக்கொண்டிருந்தன. அந்தச் சூழலில் ஒரு சிறு ராக் குழுவின் ஆல்பத்தை எடுத்துச் செல்ல யாருக்கும் அக்கறை இருந்திருக்காது என்பது நம்பத்தக்கதே.

ஆனாலும் இரண்டு இடங்களில் இந்த விடை தளர்கிறது. முதலாவது, 'நம்பர் ஒன் ரெக்கார்ட்' வெளியானது கொலம்பியா ஒப்பந்தத்துக்கு முன்பே. அதன் தொடக்கக்கால விற்பனைக் குறைவுக்கு கொலம்பியாவைக் குறைசொல்ல முடியாது. அப்போது ஸ்டாக்ஸிடம் விற்கும் ஆற்றல் இல்லாமலும் இல்லை. ஐசக் ஹேஸின் 'ஷாஃப்ட்' 1971இல் மாபெரும் வெற்றி பெற்றிருந்தது. 1972 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலிஸில் ஸ்டாக்ஸ் நடத்திய வாட்ஸ்டாக்ஸ் விழாவுக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்தனர். அல் பெல்லின் தலைமையில் கறுப்பின மக்களின் இசைக்கும் பெருமிதத்துக்கும் முகமாக அந்த நிறுவனம் வளர்ந்துகொண்டிருந்த காலம் அது. அதன் தொடர்புகள் சோல் வானொலிகளோடும் அந்த இசைக்கான கடைகளோடும் பின்னியிருந்தன. வெள்ளை இளைஞர்களின் கிடார் இசையை எந்த வானொலிக்கு, எந்தக் கடைக்கு எடுத்துப் போவது என்ற அனுபவம் அதற்குக் குறைவு. எனவே முதல் ஆல்பத்தின் தோல்வியை ஒரு நிறுவனத்தின் திறமையின்மை என்பதைவிட, பொருந்தாத இரண்டு சந்தைகளின் சேர்க்கை என்பது நியாயமாக இருக்கும். இரண்டு ஆல்பங்களும் இரண்டு வேறு காரணங்களால் தடுக்கப்பட்டன. பல வரலாறுகள் இவற்றை ஒரே கதையாகச் சொல்லிவிடுகின்றன.

இரண்டாவது தளர்ச்சி ஆழமானது. கடையில் தட்டு இருந்திருந்தால் விற்றிருக்கும் என்பது அனுமானம் மட்டுமே. குழு மிகக் குறைவாகவே மேடையேறியது. வானொலியில் பெரிய வெற்றிபெற்ற தனிப்பாடல் ஒன்றும் இல்லை. நல்ல விநியோகம் கிடைத்தும் விற்காத ஆல்பங்கள் அந்த ஆண்டுகளில் ஏராளம்.

இரண்டாம் விடை: காலத்தோடு ஒட்டாத இசை

இன்னொரு தரப்பு காரணத்தை இசையிலேயே தேடுகிறது. 1970களின் தொடக்கத்தில் ராக் இசை நீண்ட கிடார் தனியாவர்த்தனங்களையும், கனத்த ஒலியையும், ஒரு பக்கம் முழுக்க ஓடும் சிக்கலான படைப்புகளையும் நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. மறுபுறம் தனியாக அமர்ந்து பாடும் பாடகர்-பாடலாசிரியர்களின் காலமும் அதுவே. பிக் ஸ்டார் 1960களின் நடுவில் பிரிட்டிஷ் குழுக்கள் கையாண்ட மூன்று நிமிடப் பாட்டுக்கும், கூட்டுக்குரல் இணைவுக்கும், பளிச்சென ஒலிக்கும் கிடாருக்கும் திரும்பியது. எனவே அது ஒரே நேரத்தில் காலத்துக்குப் பிந்தியதாகவும் முந்தியதாகவும் இருந்தது என்பது இந்த வாதம். விமர்சகர்களுக்கு இது பிடித்தமான விடை. அடுத்த தலைமுறை கண்டுகொண்டது என்ற முடிவுக்கு இது எளிதாக இட்டுச் செல்கிறது.

ஆனால் அதே ஆண்டுகளின் விற்பனைப் பட்டியலே இதற்கு எதிர்ச்சாட்சி. கிளீவ்லாந்திலிருந்து வந்த ராஸ்பெரீஸ் குழுவின் 'கோ ஆல் தி வே' 1972இல் அமெரிக்காவில் ஐந்தாம் இடம்வரை ஏறியது. பீட்டில்ஸின் ஆப்பிள் நிறுவனத்தில் இருந்த பேட்ஃபிங்கர் குழு 'நோ மேட்டர் வாட்', 'டே ஆஃப்டர் டே' பாடல்களால் முதல் பத்துக்குள் நுழைந்தது. இரு குழுக்களின் பாட்டுகளிலும் பீட்டில்ஸ் வழிவந்த இன்னிசையும் உரத்த கிடாரும் கலந்திருந்தன. இந்த வகை இசைக்குக் கேட்பவர் இல்லை என்று சொல்ல 1972 இடம் தரவில்லை.

இந்த வாதத்தைத் திருத்தி எழுதுபவர்கள் சொல்வது கவனிக்கத்தக்கது. பொதுவான வடிவத்தில் இல்லை, பாடல்களின் உள்ளியல்பில்தான் வேறுபாடு என்கிறார்கள் அவர்கள். ராஸ்பெரீஸின் பாட்டு நேராகச் சென்று எழுச்சியில் முடியும். பிக் ஸ்டாரின் பாட்டு எழுச்சியைக் காட்டிவிட்டுப் பின்வாங்கும். 'ரேடியோ சிட்டி'யில் இருக்கும் 'செப்டம்பர் கேர்ள்ஸ்' இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மூன்று நிமிடத்துக்குள் முடியும் பாட்டு அது. தொடக்கத்தில் கிடார் மணி அடிப்பதுபோல் உச்சத் தொனியில் ஒலிக்கிறது. ஸ்டீஃபன்ஸின் டிரம்ஸ் வரிகளின் இடைவெளிகளில் உருண்டு நிரம்புகிறது. 'தி லெட்டர்' பாடிய கரகரத்த முதிர்ந்த குரலை விட்டுவிட்டு, தன் எல்லையின் விளிம்பில் மெலிந்த குரலில் சில்டன் பாடுகிறார். இசை கொண்டாடுகிறது, குரல் எதையோ இழந்துவிட்டதுபோல் நிற்கிறது. இந்த இரட்டை உணர்வு பிற்காலத்தவரை ஈர்த்ததில் வியப்பில்லை. அதுவே 1974இல் வானொலிக் கேட்பவரை விலக்கியது என்று நிறுவத்தான் வழியில்லை. ஏனெனில் பெரும்பாலான கேட்பவர்களுக்கு அந்தப் பாட்டு போய்ச் சேரவேயில்லை.

மூன்றாம் விடை: உள்ளே விழுந்த விரிசல்

மூன்றாவது தரப்பு குழுவின் மனிதர்களை நோக்குகிறது. முதல் ஆல்பத்தின் உருவாக்கத்தில் அதிகம் உழைத்தவர் கிறிஸ் பெல். பாராட்டுரைகளில் சில்டனின் பெயர் முன்னுக்கு வந்ததும், விற்பனை படுத்ததும் அவரை உடைத்தன. 1972 இறுதிக்குள் அவர் விலகினார். 'ரேடியோ சிட்டி'க்குப் பின் ஹம்மல் படிப்பை முடிக்கக் கல்லூரிக்குத் திரும்பினார். மூன்றாவது பதிவின்போது சில்டனும் ஸ்டீஃபன்ஸும் மட்டுமே மிஞ்சினார்கள். 1978 டிசம்பர் 27 அன்று மெம்பிஸில் நடந்த கார் விபத்தில் பெல் இறந்தார், வயது 27. சில்டனோ இனிய பாப் இசையிலிருந்து விலகி, வேண்டுமென்றே கரடுமுரடான பதிவுகளுக்குச் சென்றார். பழைய புகழைப் பற்றிக் கேட்டவர்களிடம் பிக் ஸ்டார் மிகையாக மதிக்கப்படுவதாகவே அவர் பல நேர்காணல்களில் சொன்னார்.

இந்தச் செய்திகள் உண்மையானவை. அவற்றிலிருந்து எடுக்கும் முடிவில்தான் எச்சரிக்கை தேவை. பெல்லின் மரணத்தை அறிந்தபின் அவருடைய 1972ஆம் ஆண்டுப் பாடல்களைக் கேட்பவர் அவற்றில் முன்னறிவிப்புகளைக் காண்பார். சில்டனின் பிற்கால விலகலை அறிந்தவர் இளமையிலேயே அவர் தோல்வியைத் தேடிப்போனதாகப் படிப்பார். முடிவைத் தெரிந்துகொண்டு தொடக்கத்தை எழுதும் குறை இது. காரணம் எது, விளைவு எது என்பதும் இங்கே தெளிவில்லை. விற்பனை நின்றதால் குழு உடைந்ததா, குழு உடைந்ததால் விற்பனை நின்றதா? காலவரிசை முதலாவதையே ஆதரிக்கிறது. பெல் விலகியது முதல் ஆல்பம் கடைகளில் தோற்றதற்குப் பிறகே.

இந்த விவாதத்துக்குள் இன்னொன்று புதைந்திருக்கிறது. பிக் ஸ்டாரின் மையம் யார்? நெடுங்காலம் சில்டனையே மையமாக வைத்து எழுதினார்கள். அவர் நீண்ட நாள் வாழ்ந்தார், அவருக்கு முன்னும் பின்னும் தனி வரலாறு இருந்தது. 1992இல் பெல்லின் தனிப் பாடல்கள் 'ஐ ஆம் தி காஸ்மோஸ்' என்ற பெயரில் ஆல்பமாக வந்ததும் தராசு நகரத் தொடங்கியது. ரிச் துபிகா 2018இல் வெளியிட்ட வாய்மொழி வரலாறு பெல்லை முன்னிறுத்தியது. முதல் ஆல்பத்தின் பெரும்பாலான பாடல்கள் பெல், சில்டன் இருவர் பெயரிலும் கூட்டாகப் பதிவாகியிருப்பதால் யாருடைய பங்கு எவ்வளவு என்பதை ஆவணத்தைக் கொண்டு மட்டும் பிரிக்க முடியாது. குரலை வைத்துப் பிரிப்பது எளிது; இசையமைப்பை, ஒலி அடுக்கை அப்படிப் பிரிக்க இயலாது. 'ரேடியோ சிட்டி'யின் சில பாடல்களிலும் பெயர் குறிப்பிடாமல் பெல்லின் கை இருந்ததாகச் சொல்லப்படுகிறது. பெல்லுக்கு உரிய இடத்தைக் கொடுக்கும் முயற்சி நியாயமானது. அதற்காகச் சில்டனைக் குறைப்பது பழைய தவறைத் தலைகீழாகச் செய்வதாகும்.

'தேர்ட்' யாருடையது?

மூன்றாவது ஆல்பம் தனிச் சிக்கல். 1974இல் ஜிம் டிக்கின்சனின் தயாரிப்பில் ஆர்டென்ட்டில் அது பதிவானது. சோதனைப் பிரதிகளைப் பல நிறுவனங்களிடம் கொண்டுபோய்க் காட்டியும் யாரும் ஏற்கவில்லை. 1978இல் வெளிவந்தபோது பாடல் வரிசையை முடிவு செய்ய வேண்டியவர்கள் முடிவு செய்திருக்கவில்லை. பிறகு வந்த பதிப்புகள் ஒவ்வொன்றும் வரிசையையும் எண்ணிக்கையையும் மாற்றின. பெயரே 'தேர்ட்' என்றும் 'சிஸ்டர் லவர்ஸ்' என்றும் இரண்டாக வழங்குகிறது.

இது பிக் ஸ்டார் ஆல்பமே அல்ல, சில்டனின் தனிப் படைப்பு என்போர் ஒரு தரப்பு. நால்வரில் இருவர் இல்லை; குழு என்ற உணர்வும் இல்லை என்பது அவர்கள் காட்டும் காரணம். எதிர்த்தரப்பு ஸ்டீஃபன்ஸின் பங்கைச் சுட்டுகிறது. அவர் எழுதிப் பாடிய 'ஃபார் யூ' பாடலுக்காகத்தான் தந்திக்கருவிக் குழு ஸ்டுடியோவுக்கு வந்தது. கார்ல் மார்ஷ் அமைத்த அந்தத் தந்தியிசை பிறகு ஆல்பத்தின் முகத்தையே மாற்றியது. மூன்றாவது ஒரு பார்வையும் உண்டு: இதைச் சில்டனும் டிக்கின்சனும் சேர்ந்து உருவாக்கியதாகவே கேட்க வேண்டும் என்பது. 'கேங்கா ரூ' பதிவான விதம் இதற்குச் சான்றாகக் காட்டப்படுகிறது. சில்டன் தன் குரலையும் பன்னிரண்டு தந்திக் கிடாரையும் பிரிக்க முடியாதபடி ஒரே தடத்தில் பதிவு செய்து டிக்கின்சனிடம் விட்டார். தாளத்துக்குக் கட்டுப்படாத அந்தத் தடத்தின் மேல் மற்ற ஒலிகள் பிறகு அடுக்கப்பட்டன. சிதறுவதுபோல் கேட்கும் பாட்டு அது. அந்தச் சிதறலைத் தாங்கிப் பிடித்திருக்கும் கை தேர்ந்த கை.

இந்த ஆல்பத்தை மனச்சிதைவின் ஆவணமாக மட்டும் கேட்கும் வழக்கம் குறுகலானது. தந்தியிசையை எழுதி, ஒலிகளை வைத்து எடுத்து, கலவையைப் பலமுறை மாற்றிப் பார்த்த உழைப்பு அதில் இருக்கிறது. 2016இல் வெளிவந்த முழுமையான பதிவுத்தொகுப்பு எளிய முன்வரைவுகளையும் இறுதி வடிவங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறது. கவனமாகக் கேட்பவருக்கு அதில் தேர்வுகள் தெரியும்.

மரபு எப்படி உருவானது?

இனி இரண்டாவது கேள்வி: ஏன் மறையவில்லை? ஒரு விடை விமர்சகர்களை நோக்கிக் கைநீட்டுகிறது. 1973 மே மாதம் ராக் எழுத்தாளர்களின் மாநாடு ஒன்று மெம்பிஸில் கூட்டப்பட்டது. அதை ஏற்பாடு செய்தது ஆர்டென்ட்டின் விளம்பரத் தரப்பு. லெஸ்டர் பேங்ஸ் உள்ளிட்ட நூற்றுக்கும் மேற்பட்டோர் வந்தார்கள். அநேகமாகக் கலைந்துவிட்டிருந்த பிக் ஸ்டார் அவர்கள் முன் வாசித்தது. அந்த வரவேற்பே குழுவை மீண்டும் சேர்த்து 'ரேடியோ சிட்டி'க்கு வழிவகுத்தது. குழுவின் புகழ் கேட்பவர்களால் உண்டானதல்ல, எழுதுபவர்களால் கட்டப்பட்டது என்பதற்கு இது சான்றாகச் சொல்லப்படுகிறது.

இந்த வாதத்தை முழுவதுமாகத் தள்ள முடியாது. விமர்சகர்கள் பேசிக்கொண்டிருந்ததால்தான் பெயர் உயிரோடு இருந்தது. ஆனால் 1973இல் விமர்சகர்கள் பாராட்டிய பல குழுக்களின் பெயர் இன்று யாருக்கும் நினைவில்லை. பாராட்டு மட்டும் மரபை உண்டாக்குவதில்லை.

இரண்டாவது விடை இசைக்கலைஞர்களின் சங்கிலி. வட கரோலினாவிலிருந்து வந்த கிறிஸ் ஸ்டேமி நியூயார்க்கில் சில்டனோடு வாசித்தார். தன் சிறு வெளியீட்டு நிறுவனத்தின் மூலம் 1978இல் பெல்லின் தனிப்பாடலை வெளியிட்டார். பிறகு டீபீஸ் குழுவை அமைத்தார். அதே வட்டாரத்து மிட்ச் ஈஸ்டர் ஆர்.இ.எம். குழுவின் தொடக்கப் பதிவுகளைத் தயாரித்தார். ஆர்.இ.எம். குழுவினர் நேர்காணல்களில் பிக் ஸ்டாரின் பெயரைப் பரப்பினார்கள். இங்கிலாந்தில் திஸ் மார்ட்டல் காய்ல் 1984இல் மூன்றாம் ஆல்பத்தின் இரண்டு பாடல்களைத் தன் வழியில் பாடியது. பேங்கிள்ஸ் 1986இல் 'செப்டம்பர் கேர்ள்ஸ்' பாடலைத் தங்கள் ஆல்பத்தில் சேர்த்தார்கள். மினியாபொலிஸின் ரீப்ளேஸ்மென்ட்ஸ் ஆர்டென்ட்டுக்கே வந்து, டிக்கின்சனின் தயாரிப்பில், சில்டனின் பெயரையே தலைப்பாகக் கொண்ட பாட்டைப் பதிவு செய்து 1987இல் வெளியிட்டார்கள். ஸ்காட்லாந்தின் டீனேஜ் ஃபேன்கிளப் 1991இல் வெளியிட்ட 'பேண்ட்வேகனெஸ்க்' ஆல்பத்தில் மெம்பிஸின் ஒலி தெளிவாகவே கேட்கிறது.

இந்தச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் கைப்பழக்கம் சார்ந்தது. கிடாரை எப்படி ஒலிக்க விடுவது, கூட்டுக்குரலை எங்கே நுழைப்பது, சோகத்தை எப்படி வேகத் தாளத்தில் வைப்பது என்பதை வாசிப்பவர்கள் தட்டுகளிலிருந்து கற்றார்கள். இந்த விடைக்கு ஒரு பலவீனம் உண்டு. பெயர் சொன்ன குழுக்களை மட்டுமே நாம் எண்ணுகிறோம். அந்தத் தட்டுகளை வாங்கிக் கேட்டுவிட்டு எதுவும் செய்யாதவர்கள் கணக்கில் வருவதில்லை. வாங்கியவர் ஒவ்வொருவரும் ஒரு குழுவைத் தொடங்கினார் என்று முன்பு வெல்வெட் அண்டர்கிரவுண்டைப் பற்றிச் சொல்லப்பட்ட கூற்றை பிக் ஸ்டாருக்கும் பொருத்துவது வழக்கம். அழகான மிகை அது; அளவீடாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

மூன்றாவது விடை குறைவாகவே பேசப்படுகிறது: மறுவெளியீடு. ஸ்டாக்ஸின் சொத்து ஃபேன்டஸி நிறுவனத்திடம் சென்றது. 1978இல் பிரிட்டனில் முதல் இரண்டு ஆல்பங்களும் ஒன்றாக வந்தன. 1992இல் மூன்றாம் ஆல்பமும் பெல்லின் பாடல்களும் 1974ஆம் ஆண்டு வானொலி நிகழ்ச்சிப் பதிவும் குறுந்தகடுகளாக வெளிவந்தன. அடுத்த ஆண்டு ஏப்ரலில் மிசௌரி பல்கலைக்கழகத்தில், போசீஸ் குழுவின் ஜான் ஆவர், கென் ஸ்ட்ரிங்ஃபெல்லோ இருவரையும் சேர்த்துக்கொண்டு சில்டனும் ஸ்டீஃபன்ஸும் பிக் ஸ்டார் பெயரில் மேடையேறினார்கள். எளிதில் கிடைத்தது என்பதே மரபின் அடிப்படை நிபந்தனை. பாராட்டும் செல்வாக்கும் இருந்தும், தட்டு கிடைக்காமல் போயிருந்தால் இந்தக் கட்டுரைக்கே தேவை இருந்திருக்காது.

இந்த மூன்று விடைகளுக்கும் அடியில் ஜான் ஃபிரையின் ஒலிப்பதிவு நிற்கிறது. அக்காலத்து எத்தனையோ சிறு குழுக்களின் பதிவுகள் மங்கலாகவும் ஆண்டுமுத்திரை குத்தியதுபோலவும் ஒலிக்கின்றன. பிக் ஸ்டாரின் முதல் ஆல்பத்திலுள்ள 'தர்ட்டீன்' பாடலிலோ டிரம்ஸே கிடையாது; கிடாரில் விரல் படும் ஒலி இன்றும் அருகிலிருந்து கேட்கிறது. அந்தத் தெளிவு இல்லாதிருந்தால் இருபது ஆண்டுகள் கழித்து அந்தப் பாட்டைக் கேட்ட இளைஞர்கள் அதைத் தங்கள் காலத்து இசையாக உணர்ந்திருப்பார்களா என்பது ஐயமே.

பவர் பாப் என்ற அடையாளம்

பவர் பாப் என்ற பெயரை 1967இல் தி ஹூ குழுவின் பீட் டவுன்சென்ட் தங்கள் இசையைக் குறிக்கப் பயன்படுத்தினார். இனிய மெட்டு, கூட்டுக்குரல், உரத்த கிடார், சுருங்கிய நேரம் ஆகியவை இதன் இலக்கணம் என்று பின்னர் வகுக்கப்பட்டது. அந்த இலக்கணத்துக்கு பிக் ஸ்டாரையே முதல் சான்றாகக் காட்டுவது இன்று வழக்கமாகிவிட்டது.

முதல் ஆல்பத்தின் பாதிக்கும் 'ரேடியோ சிட்டி'யின் சில பாடல்களுக்கும் இந்தப் பெயர் பொருந்தும். மென்மையான ஒலிக் கிடார் பாடல்களுக்கும், 'ஓ மை சோல்' பாடலின் மெம்பிஸ் ஃபங்க் தாளத்துக்கும், மூன்றாம் ஆல்பம் முழுவதற்கும் பொருந்தாது. பிரிட்டிஷ் பாப்பைப் பின்பற்றியவர்கள் என்று மட்டும் சொல்லும்போது அவர்கள் மெம்பிஸ்காரர்கள் என்பது மறைந்துபோகிறது. 'ரேடியோ சிட்டி'யின் அட்டையே அதை நினைவூட்டும். மெம்பிஸ் புகைப்படக் கலைஞர் வில்லியம் எகிள்ஸ்டன் மிசிசிப்பியில் எடுத்த படம் அது: இரத்தச் சிவப்பு உட்கூரை, நடுவில் ஒற்றை பல்பு, அதை நோக்கி வந்து சேரும் வெள்ளை மின்கம்பிகள். அதே எகிள்ஸ்டன் மூன்றாம் ஆல்பத்துக்கான பதிவுகளில் ஒரு பாட்டுக்குப் பியானோவும் வாசித்தார். அமெரிக்கத் தென் மாநிலங்களின் வெப்பமும் அமைதியின்மையும் இந்த இசைக்குள் இருப்பதாக ஒரு வாதம் வளர்ந்து வருகிறது. இசைநுட்ப அளவில் அது இன்னும் விரிவாக நிறுவப்படவில்லை. ஆனால் பவர் பாப் என்ற பெட்டிக்குள் அடைப்பதைவிடப் பயனுள்ள திசை அது.

மதிப்பீடு

கிடைக்கும் சான்றுகளை நிறுத்துப் பார்த்தால் சில முடிவுகளை ஓரளவு உறுதியோடு சொல்லலாம். விற்பனைத் தோல்விக்கு விநியோகமே வலுவான காரணம். ஆனால் அது இரு ஆல்பங்களிலும் இரு வேறு விதமாக இயங்கியது. காலத்துக்கு ஒவ்வாத இசை என்ற வாதம் ராஸ்பெரீஸ், பேட்ஃபிங்கர் வெற்றிகளுக்கு முன் நிற்கவில்லை. மனிதர்களின் மனநிலை குழுவின் சிதைவை விளக்குகிறது, விற்பனையை அல்ல. மரபைப் பொறுத்தவரை விமர்சகர்கள் பெயரைக் காத்தார்கள், இசைக்கலைஞர்கள் இசையைக் கடத்தினார்கள், மறுவெளியீடுகள் அதைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்தன, ஆர்டென்ட்டின் கைவினை அதைப் பழசாகாமல் காத்தது. தோல்வியே தரத்தின் முத்திரை என்ற கருத்துக்கு இவற்றில் எங்கும் ஆதாரம் இல்லை. அந்தக் கருத்து அந்த இசைக்கு நீதியும் செய்வதில்லை. விற்பதற்காகவே, வானொலியில் ஒலிப்பதற்காகவே அவர்கள் பாடுபட்டார்கள். அவர்கள் விரும்பிய வெற்றி கிடைக்காமல் போனது ஓர் இழப்பு. அதைப் பெருமையாக்கத் தேவையில்லை.

திறந்தே நிற்கும் கேள்விகளும் உண்டு. பெல்லின் பங்கு எவ்வளவு என்பதற்கு நினைவுகளைத் தாண்டிய, ஒலிநாடாக்களை ஒப்பிட்டு நோக்கும் ஆய்வு வேண்டும். 2009இன் பெரிய தொகுப்பும் 2016இன் தொகுப்பும் அதற்கான மூலப்பொருளைத் தந்திருக்கின்றன. மூன்றாம் ஆல்பத்துக்கு ஒரே சரியான வரிசை உண்டா, அல்லது பல வடிவங்களில் இருப்பதே அதன் இயல்பா என்பது தீரவில்லை. சோல் இசையின் மெம்பிஸ் இந்தக் குழுவின் தாளத்திலும் பாடுமுறையிலும் எவ்வளவு ஊறியிருந்தது என்பதும் போதிய அளவு ஆராயப்படவில்லை.

2010 மார்ச்சில் சில்டனும் அதே ஆண்டு ஜூலையில் ஹம்மலும் 2014இல் ஃபிரையும் மறைந்தார்கள். நேரில் கேட்டறியும் வாய்ப்பு சுருங்கிவிட்டது. இனி வரும் ஆய்வுகள் நாடாக்களையும் ஆவணங்களையும் காதையும் நம்பியே நடக்கும். ஒருவகையில் அது நல்லதுதான். தோற்றவர்களின் சோகக் கதை பின்னுக்குப் போகும்போது பாடல்கள் தம் பலத்தில் நிற்கின்றனவா என்பது தெரியவரும். மூன்று ஆல்பங்களில் குறைந்தது இரண்டு அந்தச் சோதனையைத் தாங்கும் என்றே இதுவரையிலான சான்றுகள் காட்டுகின்றன. மூன்றாவது எதைச் சாதித்தது என்பது பற்றிய விவாதம் இன்னும் ஒரு தலைமுறை நீடிக்கலாம்.